அறுநூறு ரூபாய்க்கு ஒரு கம்பீரம்

திருவல்லிக்கேணியில், பெரிய மசூதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அந்த அத்தர் கடை இருக்கிறது. ஓர் ஆளும் ஒரு மின்விசிறியும் கொள்ளும் இடம். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் இரண்டில் ஒன்று நின்றுவிட வேண்டும். வழக்கமாக நிற்பது மின்விசிறிதான். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற சிதம்பரம், கையில் மஞ்சள் பையோடு உள்ளே நுழைகிறார்.

சிதம்பரம்: பாய், ஆண்கள் போட்டுக்கொள்கிற சென்ட் ஒன்று வேண்டும். கம்பீரமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் போட்டது போல. அறுநூறு ரூபாய்க்குள்.

கடைக்காரர்: உட்காருங்கள் சார். அறுநூறு ரூபாய்க்குள் பெரிய மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்ன விசேஷம்?

சிதம்பரம்: ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வருகிறார்.

கடைக்காரர்: நல்ல சேதி.

சிதம்பரம்: வளைகாப்பு நல்ல சேதிதான். சம்பந்தி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவருடைய வாசம் மாடிப்படி ஏறி வந்துவிடும். அவர் போன பிறகு எங்கள் சோபாவில் மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் அது ஊருக்குத் திரும்பும். கல்யாணத்தன்று மண்டப வாசலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வந்தவர்கள் அவரைப் பார்த்து வணக்கம் என்றார்கள். என்னைப் பார்த்து, கை கழுவும் இடம் எங்கே என்றார்கள்.

கடைக்காரர்: அவர் போடுவது எது?

சிதம்பரம்: ஏதோ நீல பாட்டில். துபாயிலிருந்து மகன் அனுப்புகிறான். அதில் 'டாய்லெட்' என்று எழுதியிருப்பதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்து மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடைக்காரர்: சிரித்தது வெளியே தெரியாதவரை நல்லது. பிரெஞ்சு மொழியில் அதற்கு அலங்காரம் செய்துகொள்வது என்று பொருள். உங்களுக்கு காபிக் கணக்கில் சொல்கிறேன். சென்டில் ஆல்கஹால்தான் பால். வாசனை எண்ணெய் டிகாக்ஷன். சவரம் செய்த பிறகு தடவுகிறோமே லோஷன், அதில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்குதான் டிகாக்ஷன். கொலோனில் 2 முதல் 5. 'ஓ டி டாய்லெட்' என்றால் 5 முதல் 15. 'ஓ டி பர்ஃப்யூம்' என்றால் 15 முதல் 20.

சிதம்பரம்: அத்தரில்?

கடைக்காரர்: பாலே கிடையாது. முன்பெல்லாம் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். இன்று விலை குறைந்த அத்தரில் பாரஃபின் எண்ணெய்கூட இருக்கும். நான் சொல்லிவிட்டுத்தான் விற்பேன்.

சிதம்பரம்: சொல்லாமல் விற்றால் விலை குறையுமா?

கடைக்காரர்: (காதில் விழாதவர் போல) பழைய பாணி என்றீர்கள். முதலில் கொலோன் பாருங்கள். கொலோன் என்பது ஜெர்மனியில் ஓர் ஊர். திண்டுக்கல் பூட்டு, மணப்பாறை முறுக்கு மாதிரி ஊர்ப் பெயர் பொருளில் ஒட்டிக்கொண்டது. 1709-இல் தொடங்கிய ஃபரினா என்ற கடை அந்த ஊரில் உண்டு. இன்னொரு கடையின் சரக்குக்குப் பெயரே 4711.

சிதம்பரம்: அது என்ன, விலையா?

கடைக்காரர்: கதவு இலக்கம். பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்திருந்த காலத்தில் வீடுகளுக்கு எண் போட்டார்கள். அந்த வீட்டுக்கு விழுந்த எண் 4711. கையை நீட்டுங்கள்.

சிதம்பரம்: ஆகா! எலுமிச்சை, நார்த்தங்காய், ஆரஞ்சு... கல்யாணப் பந்தி வாசம். எனக்குப் பிடித்துவிட்டது. கட்டிவிடுங்கள்.

கடைக்காரர்: அவசரப்படாதீர்கள். நீங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது இதில் பாதி இருக்காது. சென்னை வெயிலுக்குக் குளித்தவுடன் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். சம்பந்தி மாடி ஏறி வருவதற்குள் இது மாடி இறங்கிப் போயிருக்கும்.

சிதம்பரம்: அப்படியானால் வேண்டாம். ஆள் வருவதற்கு முன்னால் ஓடிப்போகிற சாட்சி எதற்கு? என் அப்பா ஒன்று வைத்திருந்தார். வெள்ளை பாட்டில், மேலே பாய்மரக் கப்பல்.

கடைக்காரர்: ஓல்ட் ஸ்பைஸ். அமெரிக்காவில் 1938-இல் ஆண்களுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பெண்களுக்குத்தான் முதலில் விட்டார்கள்.

சிதம்பரம்: பெண்களுக்கா? என் அப்பா அதைத் தடவிக்கொண்டு மீசையை முறுக்குவாரே!

கடைக்காரர்: மீசைக்கு அது தெரியாது சார். இந்தாருங்கள், முழங்கைக்கு மேலே வைக்கிறேன். கிராம்பு, பட்டை, கார்னேஷன் பூ.

சிதம்பரம்: (முகர்ந்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு) அப்பாதான். அப்படியே அப்பா. பாய், இதைப் போட்டால் நானே எழுந்து நின்று மார்க் அட்டையை நீட்டிவிடுவேன். பயமாக இருக்கிறது.

கடைக்காரர்: அறுநூறில் பாதிதான் ஆகும். யோசியுங்கள்.

சிதம்பரம்: இருக்கட்டும், இரண்டாம் இடம். இருங்கள், எது எங்கே என்று மறந்துவிடும். (பால்பாயின்ட் பேனாவை எடுத்து இடது மணிக்கட்டில் 1, முழங்கைக்கு மேலே 2 என்று எழுதிக்கொள்கிறார்.) ம், அடுத்த பதிவு?

கடைக்காரர்: அடுத்த வாசனை வகைக்குப் பெயர் ஃபூஜேர். பிரெஞ்சில் பெரணிச் செடி என்று பொருள். 1882-இல் பாரிஸில் ஹூபிகாங் என்ற கம்பெனி ஆரம்பித்துவைத்தது. 1964-இல் வந்த ப்ரூட், 1982-இல் வந்த டிராக்கர் நுவார் எல்லாம் அந்த வம்சம். சவரக் கடை வாசம் என்று நமக்குத் தோன்றுவதில் பாதி இதுதான்.

சிதம்பரம்: பெரணிக்கு வாசம் உண்டா? எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் பார்த்திருக்கிறேன். மாடுகூட மோந்து பார்க்காது.

கடைக்காரர்: வாசம் கிடையாது. இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கற்பனை செய்தார்.

சிதம்பரம்: இல்லாத சரக்குக்கு ரசீது! இதைச் சங்கத்தில் நான் செய்திருந்தால் ஓய்வூதியம் நின்றிருக்கும்.

கடைக்காரர்: லாவண்டர், ஓக் மரத்துப் பாசி, கூமரின் மூன்றையும் சேர்த்தார்கள். கூமரின் 1868-லேயே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்ட பொருள். முகர்ந்து பாருங்கள். வலது மணிக்கட்டு. தேய்க்காதீர்கள்! தேய்த்தால் சூடேறி முதல் வாசம் சீக்கிரம் ஓடிவிடும்.

சிதம்பரம்: (கண்ணை மூடி) பாய், இது... வைக்கோல் போர் மாதிரி இருக்கிறது.

கடைக்காரர்: அதேதான் கூமரின். காய்ந்த புல் வாசம்.

சிதம்பரம்: சின்ன வயதில் வைக்கோல் போரில் புரண்டுவிட்டு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவாள். அதைப் பணம் கொடுத்துப் பூசிக்கொள்வதா? கம்பீரமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அரிக்கிறது.

கடைக்காரர்: அரிக்காது சார், அது நினைவு.

சிதம்பரம்: மூன்று. (எழுதுகிறார்.) ஒன்று இப்போது வாசமே இல்லை. நீங்கள் சொன்னது சரி. ஆனால் இரண்டும் மூன்றும்கூட மங்கலாகத் தெரிகிறது. காபிக்கொட்டை வைத்திருப்பார்களாமே, மூக்கைச் சரிசெய்ய?

கடைக்காரர்: அது சடங்கு. வெளியே நின்று இரண்டு நிமிடம் காற்று வாங்கினாலே போதும். மூக்கு எதற்கும் பழகிவிடும் சார். தினம் போடுகிறவருக்குத் தன் வாசம் தெரியாது. தெரியவில்லையே என்று இன்னும் நாலு அடி அடித்துக்கொள்வார்.

சிதம்பரம்: அடடா! சம்பந்தி பாட்டிலைக் கவிழ்ப்பது இதனால்தானா? பாவம், தனக்குத்தானே வாசமில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா?

கடைக்காரர்: கை நீட்டும் தூரத்தில் நிற்பவருக்கு மட்டும் தெரிந்தால் அது வாசனை. அடுத்த தெருவுக்குத் தெரிந்தால் தண்டோரா.

சிதம்பரம்: தண்டோரா! இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டும். அவள் சம்பந்திக்கு ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறாள். நல்லவேளை, எனக்கு அந்த வியாதி இல்லை. நான் எதுவுமே போடுவதில்லை.

கடைக்காரர்: (மூக்கைச் சொறிந்துகொண்டு) சார், தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் உள்ளே வந்தபோதே இரண்டு வாசம் கூட வந்தது.

சிதம்பரம்: என்னிடமிருந்தா?

கடைக்காரர்: ஒன்று அந்துருண்டை. சட்டையிலிருந்து.

சிதம்பரம்: இது விசேஷச் சட்டை பாய்! பீரோவில் பத்திரமாக இருந்தது. முப்பது வருஷமாக அந்துருண்டை போட்டுத்தான்... (நிறுத்துகிறார்.) கல்யாணத்துக்கும் இதைத்தான் போட்டிருந்தேன். அதனால்தான் கை கழுவும் இடம் கேட்டார்களா?

கடைக்காரர்: அதை நான் சொல்லவில்லை. இன்னொரு வாசம் அருமை. முதலில் நீங்கள் ஏதோ உயர்ந்த சரக்கு போட்டுக்கொண்டு, என்னைச் சோதிக்க வந்திருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். அது இந்தப் பையிலிருந்து வருகிறது. என்ன சார் இருக்கிறது?

சிதம்பரம்: இதுவா? வெட்டிவேர். பானைத் தண்ணீரில் போட, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவரச் சொன்னாள்.

கடைக்காரர்: அல்லாவே! இதைக் கையில் வைத்துக்கொண்டா ஜெர்மனிக்கும் பாரிஸுக்கும் என்னை அலையவைத்தீர்கள்? பிரெஞ்சுக்காரர்கள் இதை 'வெத்திவேர்' என்றுதான் சொல்கிறார்கள். நம் தமிழ்ச் சொல்லையே கொண்டுபோய்விட்டார்கள். 1950-களின் கடைசியில் கார்வென், கிவாஞ்சி, கெர்லான் என்று பாரிஸின் மூன்று பெரிய கம்பெனிகள் இந்தப் பெயரிலேயே ஆண்களுக்கு சென்ட் போட்டார்கள். அதைவிடப் பழைய பாணிக் கம்பீரம் வேறு கிடையாது.

சிதம்பரம்: வெட்டிவேர் என்றேவா? பாட்டிலில்? என் பாட்டி பெயரைப் போட்ட மாதிரி இருக்கிறதே. அது என்ன விலை?

கடைக்காரர்: உங்கள் அறுநூறுக்கு மூடியைக் கொஞ்சம் திருகிக் காட்டுவார்கள்.

சிதம்பரம்: உங்களிடம் அத்தராக இல்லையா?

கடைக்காரர்: இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன ஊர் கன்னோஜ்; அங்கே செப்புப் பானையில் வேரைப் போட்டு வடிக்கிறார்கள். அசல் எண்ணெய்க்கு 'ரூஹ் கஸ்' என்று பெயர். செம்பு பட்டு லேசாகப் பச்சை நிறம் ஏறியிருக்கும். அதுவும் உங்கள் கணக்குக்கு வராது. இது கலப்பு, சந்தன வாசம் சேர்த்தது. மூன்று மில்லி இருநூற்றைம்பது ரூபாய். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு. சாயங்காலம் வரை நிற்கும்.

சிதம்பரம்: (காட்டுவதற்கு இடமில்லாமல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் கட்டைவிரலை நீட்டுகிறார்) நான்கு. ம்... மழை பெய்த மண். பானை. திண்ணை. சம்பந்தி வருவது யாருக்கும் தெரியாமல் நான் முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

கடைக்காரர்: இதைத்தான் சொன்னேன். இன்னொன்று, காசு வேண்டாம், யோசனை மட்டும். பீரோவிலிருந்து அந்துருண்டையை எடுத்துவிட்டு, இந்த வேரில் பாதியைத் துணியில் முடிந்து போடுங்கள். சட்டையே மணக்கும்.

சிதம்பரம்: சட்டையே மணக்குமா? அப்படியானால் அத்தர் எதற்கு? அறுநூறும் மிச்சம்!

கடைக்காரர்: (தலையில் கை வைத்து) என் வாய்க்கு ஒரு மூடி வேண்டும் சார்.

சிதம்பரம்: வருத்தப்படாதீர்கள். உங்கள் உழைப்பைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். மூன்று மில்லி கட்டுங்கள். இருநூற்றைம்பது சொன்னீர்கள்; கையில் பூசிய நான்கையும் நான் விலை பேசாமல் ஏற்றுக்கொண்டேன், அதற்குக் கழிவு என்ன?

கடைக்காரர்: கழிவு வேண்டாம், பண்டமாற்று. என் கடைப் பானைக்கு அந்த வேரில் ஒரு பிடி கொடுங்கள். இருநூறு போதும்.

சிதம்பரம்: ஐம்பது ரூபாய்க்கு ஒரு பிடியா! பையே நாற்பது ரூபாய்தான். சம்மதம், சம்மதம். (பைக்குள் கையை விட்டு, மூன்று இழையை எடுத்து மேசையில் வைக்கிறார்.)

கடைக்காரர்: சார்.

சிதம்பரம்: பிடி.

கடைக்காரர்: பிடி உங்கள் கையால் இல்லை. என் கையால்.