நெட்ஃப்ளிக்ஸின் காலநிலைக் கணக்கும் டீசல் ஜெனரேட்டரும்

இணையத்தில் படம் பார்ப்பதே பூமிக்குச் செய்யும் கேடு என்ற பேச்சு இன்னும் அடங்கியபாடில்லை. அரை மணி நேரம் வீடியோ பார்த்தால் 1.6 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று, பிரான்ஸைச் சேர்ந்த ஷிஃப்ட் புராஜெக்ட் அமைப்பின் பெயரில் 2019-இல் பரவிய எண்தான் அதற்கு வேர். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டதால் எட்டு மடங்கு பெருகிப்போன கணக்கு அது. அந்த அமைப்பே மறு ஆண்டில் திருத்தியும்விட்டது. சர்வதேச எரிசக்தி முகமையின் 2020-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 36 கிராம்தான். பிரிட்டனைச் சேர்ந்த கார்பன் டிரஸ்ட் அமைப்பு 2021-இல் ஐரோப்பியச் சராசரியாக 55 கிராம் என்றது. அந்த ஆய்வுக்கு நெட்ஃப்ளிக்ஸின் ஆதரவு இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இரண்டு எண்களும் ஒரே அளவில்தான் நிற்கின்றன. அதிலும் பாதிக்கு மேல் நம் வீட்டு டிவி போன்ற கருவிகள் இழுக்கும் மின்சாரம். ஆகவே, படம் பார்ப்பவர்கள் குற்றவுணர்வில் தவிக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

நெட்ஃப்ளிக்ஸ் தன் 2020-ஆம் ஆண்டு கார்பன் உமிழ்வாகக் காட்டியது சுமார் 11 லட்சம் டன். அதில் ஏறத்தாழ பாதி படங்களையும் தொடர்களையும் எடுப்பதால் வருகிறது. இன்னொரு 45 சதவீதம் அலுவலக நடவடிக்கைகளும் வெளியிலிருந்து வாங்கும் பொருள்கள், சேவைகளும். வீடியோவைச் சேமித்து நமக்கு அனுப்பும் அமேசான் சர்வர்களுக்கும் நெட்ஃப்ளிக்ஸின் சொந்த ஓப்பன் கனெக்ட் வலைப்பின்னலுக்கும் சேர்த்து வெறும் 5 சதவீதம். வீட்டு டிவியும் ரவுட்டரும் இணைய நிறுவனங்களின் கம்பிகளும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை; அவற்றை அந்தந்த நிறுவனங்களே கணக்கில் கொள்ளட்டும் என்பது நெட்ஃப்ளிக்ஸின் வாதம். இரட்டைக் கணக்கைத் தவிர்க்க அதில் நியாயம் உண்டுதான். ஆனால், விலை கூடிய சந்தாவுக்கு 4கே படத்தைக் காட்டிப் பெரிய திரையை நோக்கி நம்மை இழுக்கும் நிறுவனம் அந்தத் திரையின் மின்சாரத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

படம் எடுப்பதால் புகை எப்படி வருகிறது என்பதை அவுட்டோர் படப்பிடிப்பில் ஜெனரேட்டர் வேன் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோடம்பாக்கமானாலும் ஹாலிவுட்டானாலும் கதை ஒன்றுதான். எத்தனை விளக்குகள் எரியும், எத்தனை கேரவன்களில் ஏசி ஓடும் என்று முன்கூட்டித் தெரியாது. இடையில் மின்சாரம் நின்றால் நடிகர்களின் தேதியிலிருந்து அன்றைய வாடகைகள் வரை அத்தனையும் பாழ். எனவே தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டரையே வரவழைக்கிறார்கள். பாதிச் சுமைகூட இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதல் எண்ணெயைக் குடிக்கும். உணவு இடைவேளையிலும் அதை யாரும் நிறுத்துவதில்லை. ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் இரண்டாம் பருவத்துக்காக பிரிட்டனில் ஹைட்ரஜன் மின்கலத்தைப் பயன்படுத்திப் பார்த்ததும், 2023-இல் டிஸ்னியோடும் ஆர்எம்ஐ என்ற அமெரிக்க எரிசக்தி ஆய்வு அமைப்போடும் சேர்ந்து டீசலுக்கு மாற்றான நடமாடும் மின்சாரத்துக்குத் திட்டம் தொடங்கியதும் நெட்ஃப்ளிக்ஸ் செய்தவற்றிலேயே உருப்படியானவை என்பேன்.

எனக்குள்ள மனத்தாங்கல் 2021 மார்ச்சில் அந்நிறுவனம் அளித்த வாக்குறுதியைப் பற்றியது. 2022 முடிவதற்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியிடும் உமிழ்வு முழுவதையும் ஈடுகட்டிவிடுவது, அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அப்படியே என்றார்கள். 2030-க்குள் உமிழ்வை 2019-ஐவிட 45 சதவீதம் குறைப்போம் என்றும் சொன்னார்கள். ஆனால் அந்தக் குறைப்பு, நேரடியாக எரிக்கும் எரிபொருளையும் காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்தையும் மட்டுமே குறிக்கும். மொத்த உமிழ்வின் பெரும்பகுதியோ மற்றவர்கள் வழியாக வரும் மூன்றாம் வகையில் இருக்கிறது. அப்படியிருக்க ஒன்றே முக்கால் ஆண்டில் பூஜ்ஜியத்தைத் தொடுவது எப்படி? மிச்சத்துக்கு ஈடாகக் காடுகளிலும் புல்வெளிகளிலும் கார்பன் கிரெடிட் வாங்கித்தான்; வேறோர் இடத்தில் தவிர்த்த உமிழ்வைக் காசு கொடுத்துத் தன் கணக்கில் வரவு வைக்கும் சான்று அது.

அப்படி அவர்கள் பெயர் சொன்ன இடங்களில் ஒன்று கென்யாவின் கசிகாவ். சாவோ கிழக்கு, மேற்குத் தேசியப் பூங்காக்களுக்கு நடுவே கிடக்கும் வறண்ட காடு அது. மரத்தை வெட்டிக் கரி சுடுவதைத் தடுத்து, அதனால் வெளியேறாமல் நின்ற கார்பனை விற்கிறார்கள். திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் முழு வியாபாரமும் நிற்கிறது. அந்த அனுமானத்தை ஊதிவிட்டால் கிரெடிட்டும் ஊதிப்போகும். இத்தகைய கிரெடிட்டுகளுக்குச் சான்றளிக்கும் வெர்ரா அமைப்பின் மழைக்காட்டு கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் மெய்யான குறைப்பு இல்லை என்று 2023 ஜனவரியில் கார்டியன் உள்ளிட்ட ஊடகங்கள் வெளியிட்ட புலனாய்வு சொன்னது. வெர்ரா அதை மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில், கசிகாவ் திட்டத்தின் மூத்த ஊழியர்கள் சிலர் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக நெதர்லாந்தின் சோமோ ஆய்வு அமைப்பும் கென்ய மனித உரிமை ஆணையம் என்ற தன்னார்வ அமைப்பும் குற்றம் சாட்டின. படப்பிடிப்பில் எரிந்த டீசலுக்கான ஈட்டை இப்படிப்பட்ட இடத்தில் தேடுவது நாணயமான கணக்காக எனக்குத் தோன்றவில்லை. டீசல் புகை எரிந்த கணமே காற்றில் கலந்துவிடுகிறது. அதற்கு ஈடாகச் சொல்லப்படும் மரமோ பல பத்தாண்டுகள் வெட்டுப்படாமல், தீப்பிடிக்காமல் நிற்க வேண்டும்.

கிரெடிட்டே வாங்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. காட்டுக்குப் பணம் போகட்டும், ஆனால் அதை நன்கொடைக் கணக்கில் எழுதட்டும். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் நிகர பூஜ்ஜியத்துக்குப் பதிலாக, உலகெங்கும் நடந்த படப்பிடிப்புகளில் சென்ற ஆண்டு எத்தனை லிட்டர் டீசல் எரிந்தது, இந்த ஆண்டு எத்தனை லிட்டர் என்று இரண்டே எண்களைப் போடட்டும். டீசல் பில் ஒவ்வொரு தயாரிப்பு மேலாளரிடமும் இருக்கிறது, திரட்டுவது ஒன்றும் பெரிய வேலையில்லை.