நகராண்மைக் கழகக் கூட்டத்துக்கு நாம் போகலாம்

"கழக உறுப்பினர்கள் எல்லாம் நியமனம்தான், கூட்டத்துக்குள் பொதுமக்களை விடவே மாட்டார்கள்" என்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

ஊராட்சித் (உள்ளாட்சித்) தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. சரி. ஆனால் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, மன்றக் கூட்டம், அதாவது கழகத்தின் முழுக் கூட்டம், பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டால்தான் கதவை மூடலாம். கழகத்தின் உட்குழுக் கூட்டங்கள் மட்டும் வேறு. அந்த உட்குழு தீர்மானித்தால்தான் நாம் உட்காரலாம்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த நம் குடும்பங்களும் கழகத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டுகின்றன. இப்படி ஒரு செய்தியை நம்பி அவர்கள் ஒதுங்கிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அடுத்த மன்றக் கூட்டம் எப்போது என்று கழக அலுவலகத்தில் கேளுங்கள்.