அம்மாயியின் றங்குப்பெட்டியும் தொண்டமான் ஐயாவும்

இன்று ஒக்டோபர் 30. விடிந்ததிலிருந்து கண்ணில் படுவதெல்லாம் கறுப்புக் கண்ணாடியும் மாலையுமாகத் தொண்டமான் ஐயாவின் படங்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தோட்டத் தொழிற்சங்கத்தின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் நினைவு நாள். ஒருவர் ‘மலையகத்தின் விடிவெள்ளி’ என்கிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர் ‘சந்தா வாங்கியே வளர்ந்தவர்’ என்கிறார். மதியத்துக்குள் இரண்டு தரப்புக்கும் கை ஓய்ந்துவிடும்.

எங்கள் வீட்டிலும் அந்தப் படம் உண்டு. லயக்காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின், முன்சுவரில், முருகனுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே தள்ளி. அம்மாயி, என் அம்மாவின் அம்மா, மாட்டியது. முருகனுக்குத் தினமும் பூ, ஐயாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும். அந்த அளவு எனக்குச் சரியென்றே படுகிறது.

1999இல் அவர் இறந்தது இதே தேதியில். அதற்குச் சரியாக 35 ஆண்டுகளுக்கு முன், 1964 ஒக்டோபர் 30இல், டில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத, இந்திய வம்சாவளித் தமிழரான நம்மவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் தராசில் நிறுப்பதைப் போல மனிதரை நிறுத்துப் பிரித்தார்கள். நிறுக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐயாவும் அந்த மேசையில் இல்லை.

அம்மாயியின் தங்கை குடும்பம் அந்தக் கணக்கில் போனது. ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அந்தக் கோச்சிக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பெட்டிக்குள் இருப்பவர்களும் மேடையில் நிற்பவர்களும் சாவு வீட்டைப் போல அழுவார்களாம். கூடலூரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு இல்லை.

ஒப்பந்தத்துக்கு முன்னால் நடந்ததும் தெரிந்த கதைதான். 1947 தேர்தலில் அம்மாயியின் அப்பா வாக்களித்தார்; நுவரெலியாவிலிருந்து தொண்டமான் பாராளுமன்றம் போனார். மறு வருடமே, நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அம்மாயியின் அப்பா பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தும் பெயர் திரும்பி வரவில்லை. தோட்டம் தோட்டமாக அப்படித்தான். அம்மாயியின் அப்பா அதற்குப் பிறகு வாக்களிக்காமலேயே செத்துப்போனார்.

ஐயா தொழிலாளியாக வேலை செய்தவரல்ல. அவருடைய அப்பா கூலியாக வந்து, கங்காணியாகி, இறம்பொடையில் வெவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். முதலாளி வீட்டுப் பிள்ளை தொழிற்சங்கம் நடத்தியதை இன்றைக்கும் கேலியாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. தோட்டத்தை நடத்தும் துரைமார் எதற்குப் பயப்படுவார்கள் என்பது அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது.

பறிக்க ஆளில்லாமல் முற்றிப்போகும் கொழுந்துக்குத்தான் பயப்படுவார்கள். 1984 வேலைநிறுத்தத்தில் அதைப் பார்த்தோம். அதுவரை ஒரே மலையில், ஒரே மழையில் நின்றாலும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஆண்கள் வேலையை முடித்து லயத்துக்குத் திரும்பிய பிறகும் பெண்கள் கூடையோடு மலையில் நிற்பார்கள். ஆனாலும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவர்களுக்குத்தான் குறைந்த தொகை. அந்த வருடம் சம்பளம் சமமானது. அம்மாயி முதல் சமச் சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, தாத்தாவின் சம்பளத்தையும் வாங்கி எண்ணிப் பார்த்தாராம்.

அடுத்தது 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனை. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கேட்டு, காலையில் கோயிலில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுவிட்டு அதற்குப் பிறகு வேலைக்குப் போவது. வேலைநிறுத்தத்தைத் தடை செய்யலாம். தேவாரம் பாடுகிறவனை என்ன செய்வது? இவ்வளவு நாசூக்கான குறும்பை நம் அரசியலில் நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த ஆண்டே 94 ஆயிரம் பேருக்குப் பிரஜாவுரிமை வழங்கச் சட்டம் வந்தது. 1988இல் இன்னொரு சட்டம். இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் இங்கேயே இருந்தவர்கள் ஒரு சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுதிய பத்திரம், கொடுத்தாலே போதும் என்றானது.

1988 டிசம்பர் 19, ஜனாதிபதித் தேர்தல். வாக்களிக்கப் போனால் சுடுவோம் என்று, அப்போது ஆயுதக் கிளர்ச்சி நடத்திய ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) மிரட்டிய காலம். அம்மாயி தீபாவளிச் சேலையை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். அப்போது அவருக்கு 58 வயது. வாழ்க்கையில் முதல் வாக்கு. யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஐயாவின் கட்சியின் சேவல் சின்னமே இல்லாத தேர்தலில் யாருக்குப் போட்டால் என்ன என்று சிரிப்பார்.

எங்கள் மாமா மட்டும் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். 1983 ஜூலையில் மலைநாட்டு நகரங்களிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது ஐயா அமைச்சரவையில்தான் இருந்தார். விலகவில்லை. 1978 தொடக்கம் இறக்கும்வரை, எந்த நிறத்து அரசு வந்தாலும் அவர் அமைச்சர். மாமாவுக்கு அது மன்னிக்க முடியாதது. அவரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். வாக்கு இல்லாத சனத்துக்கு உள்ளே ஒரு கதிரை வேண்டியிருந்தது என்று வாதாடியிருக்கிறேன். எரிந்த கடைக்காரரிடம் அதே வாதத்தை வைக்க எனக்கு வாய் வருமா என்றால், வராது.

ஆனால் அவர் பெயரில் கட்டடங்கள் இருப்பதையே அவருடைய சாதனையாக எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. மைதானத்துக்கும் பயிற்சி நிலையத்துக்கும் யார் பெயரையும் வைக்கலாம். சம்பளச் சீட்டும் சத்தியக்கடதாசியும் அப்படியல்ல. அவற்றில் அவர் பெயரே இல்லை. அவர் செய்தது அங்கேதான் இருக்கிறது.

செய்யாமல் விட்டதும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்துக் கிடைத்தது. லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போய், அங்கே மேசையில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் வந்தது. காணி இல்லாதவனுக்கு இலக்கம் ஏது? ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்று பிறகு வந்தவர்கள் சில இடங்களில் தொடங்கினார்கள். தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனுக்கு இன்னும் வரவில்லை.

அம்மாயி போன வருடம் காலமானார். றங்குப்பெட்டியைத் திறந்தபோது அடியில், சேலைக்குள் மடித்தபடி, சத்தியக்கடதாசியின் பிரதி இருந்தது. சமாதான நீதவானின் முத்திரை மங்கியிருந்தது. முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அவ்வளவுதான். என் வாக்காளர் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் அதே இரண்டு வரிகள்.