பழைய பாட்டைப் போட்டால் போதுமா?

இப்போதெல்லாம் எந்தத் தமிழ்ப் படத்தைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பழைய பாட்டு வந்துவிடுகிறது. கேட்டதும் ஜிவ்வென்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விட்டுப்போன படங்களை ஓடிடியில் வரிசையாகப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. அந்தப் பாட்டு கதைக்குள் இருக்கும் ஆளுக்குச் சொந்தமாக இருந்தால் காட்சி நிற்கிறது. கைதட்டலுக்காக இயக்குநர் செருகியது என்றால் பாட்டு முடிந்ததும் காட்சியும் அதோடு காலி.

லப்பர் பந்து (2024) முதல் ரகம். கெத்து என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர் (தினேஷ்) மட்டையோடு களமிறங்கும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கிறது. 1989இல் வந்த பொன்மனச் செல்வன் படப் பாட்டு. கெத்து விஜயகாந்த் வெறியர், அதனால் அது அவருடைய பாட்டு. கல்யாண வயதில் மகள் இருக்க, வேலைவெட்டியை விட்டு மேட்ச் ஆடப் போகும் மனிதர் தன்னை மனசுக்குள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதை அந்தப் பாட்டே சொல்லிவிடுகிறது. தனியாக வசனம் தேவைப்படவில்லை. மைதானத்தில் அப்படி நடந்து வந்தவர் மனைவி யசோதை முன்னால் பம்முவதைப் பார்த்துச் சிரிப்பு வருவதும் அதனால்தான். தினேஷுக்கு இதுதான் இதுவரை வந்ததிலேயே சிறந்த வேடம் என்பேன். யசோதையாக வரும் சுவாசிகா டிராக்டரில் வந்து பிட்ச்சை உழுகிற காட்சியை மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதில் இருக்கும் சாதியைப் படம் பிரசங்கம் வைக்காமல் காட்டுகிறது. கடைசி மேட்ச் கொஞ்சம் நீளம். சரி, கிரிக்கெட் படத்தில் அதைக் குறை சொல்ல முடியாது.

டூரிஸ்ட் ஃபேமிலியில் (2025) சின்னப் பையன் கமலேஷ் 'மலையூரு நாட்டாமை' பாட்டுக்குப் போடும் ஆட்டமும் இந்த ரகம்தான். இலங்கையிலிருந்து தப்பி வந்து ஒளிந்து வாழ வேண்டிய குடும்பத்தில் ஒளியத் தெரியாத ஒரே ஆள் அவன். படத்தில் எல்லோரும் இவ்வளவு நல்லவர்களா என்று இடையில் தோன்றியது. சசிகுமாரும் சிம்ரனும் அந்தக் கேள்வியை நம்மை ரொம்ப நேரம் யோசிக்க விடவில்லை.

அடுத்தது குட் பேட் அக்லி. அஜித் ரசிகர்கள் மன்னிக்கவும். பழைய பாட்டு, பழைய கெட்டப், பழைய வசனம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொன்றும் வரும் நொடியில் வேலை செய்கிறது, அப்புறம் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. இளையராஜா தன் பாடல்களைப் பயன்படுத்தியதற்காக நோட்டீஸ் அனுப்பி விவகாரம் நீதிமன்றம் வரை போனது தெரியும். உரிமை யாருடையது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். என் புகார் வேறு. அந்தப் பாட்டுகளை எடுத்துவிட்டால் அந்த இடங்களில் வைக்க இயக்குநரிடம் சொந்தமாக என்ன இருந்தது?

இதையெல்லாம் பார்த்த கையோடு கொட்டுக்காளி (2024) பார்த்தது நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பி.எஸ். வினோத்ராஜ் படம் முழுக்கப் பின்னணி இசையே வைக்கவில்லை. ஆட்டோ இரைச்சல், பைக் சத்தம், பலி கொடுக்கக் கொண்டுபோகும் சேவல், தொண்டை கட்டிய பாண்டியின் (சூரி) கரகரப்பு, இவ்வளவுதான். வேற்றுச் சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாரிடம் அழைத்துப் போகிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. போகும் வழியில் எங்கிருந்தோ ஒரு சினிமாப் பாட்டு கேட்கிறது, மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அதற்குத்தான் பாண்டி அந்த அடி அடிக்கிறான். குறுக்கே வந்த பெண்களுக்கும் சேர்த்து.

மற்ற படங்களில் பாட்டு வந்தால் நாம் விசிலடிக்கிறோம். இங்கே ஒரு பெண் வாய்க்குள் பாடியதற்கே ஒரு ஆண் வெறி பிடித்து ஆடுகிறான். பாண்டி மாதிரி ஆட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதனால்தான் உட்கார முடியவில்லை. முடிவு முடிவாகவே இல்லை என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. பாண்டி சாமியாரிடம் பார்த்ததைப் பார்த்த பிறகு என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாதபோது, இயக்குநர் மட்டும் தெரிந்த மாதிரி நடிக்க வேண்டியதில்லை.

கொட்டுக்காளி வந்த அதே நாளில்தான் வாழையும் வந்தது. மாரி செல்வராஜ் கடைசியில் ஒப்பாரிப் பாட்டை வைத்தது தப்பில்லை, சாவு வீட்டில் ஒப்பாரி இருக்கத்தான் செய்யும். ஆனால் பசித்த பையன் சோற்றில் கை வைத்த அந்த நொடியில் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எந்த இசையும் தேவைப்படவில்லை. படத்தின் முன்பாதியில் ரஜினி, கமல் என்று பையன்கள் அடித்துக்கொள்வது அருமை.

மெய்யழகன் பற்றி எழுதினால் சண்டை வரும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கார்த்தியின் பேச்சு எனக்குச் சலிக்கவில்லை. படம் வெளியான பிறகு நீளம் என்று சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டச் சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, விருந்தாளியை விடாமல் உட்கார வைத்துப் பேசும் ஆளைப் பற்றிய படம் அளந்து பேசினால் எப்படி? கோவிந்த் வசந்தாவின் இசை மட்டும் சில இடங்களில் அந்த விருந்தாளியாக வரும் அரவிந்த்சாமியின் முகத்தை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அந்த முகத்தில் எல்லாமே இருக்கிறது, ரெண்டு நொடி பொறுத்திருக்கலாம்.