பிளாக்கில் தெரிந்தவுடன் வரவு வைக்கலாம் என்பது சரியல்ல

நிர்வகிக்கப்படும் கிளவுட் சேவையிலிருந்து பிளாக்செயின் (பரிவர்த்தனைகளை ‘பிளாக்’ எனும் தொகுப்புகளாகச் சங்கிலிபோல் கோத்து வைக்கும் பதிவேடு) தரவைப் பெற்றால், பரிவர்த்தனை கண்ணில் பட்டவுடனேயே பயனர் கணக்கில் வரவு வைத்துவிடலாம் என்று கருதுவது தவறு; பிறர் பணத்தைக் கையாளும் செயலியில் இதைப் பின்பற்றினால் இழப்பு நேரலாம். நோடுகளை (பிளாக்செயினின் நகலை வைத்திருக்கும் கணினிகளை) இயக்குவது, தரவை அட்டவணைப்படுத்துவது ஆகிய சுமைகளைத்தான் அச்சேவை ஏற்கிறது (அதுவே பெரிய உதவிதான்). ஒரு பரிவர்த்தனையை எப்போது நம்புவது என்ற முடிவு செயலியை உருவாக்குபவருடையது.

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் 12 நொடிக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக் சேர்வதற்கான நேர இடைவெளி), 32 ஸ்லாட்டுகள் சேர்ந்தது ஓர் எப்பாக். ஒரு பிளாக் இறுதியாவதற்கு, அதாவது இனி மாறாது என்று உறுதியாவதற்கு, வழக்கமாக இரண்டு எப்பாக்குகள், அதாவது ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆகும். அதற்குள் சங்கிலி மறுசீரமைந்தால் (அண்மைய பிளாக்குகளுக்குப் பதில் வேறு பிளாக்குகள் ஏற்கப்பட்டால்), ‘லேட்டஸ்ட்’ (அண்மையது) என்று கேட்டுப் பெற்ற பிளாக்கே சங்கிலியிலிருந்து விலக்கப்படலாம் என்பதால், வரவு வைக்கும் முன் ‘ஃபைனலைஸ்டு’ (இறுதியானது) என்ற குறியுடன் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வெறுமனே 13 நிமிடம் காத்திருப்பதும் போதாது. 2023 மே மாதத்தில் அடுத்தடுத்த இரு நாட்களில் பிளாக்குகள் இறுதியாவதே தாமதமானது.

மேலும், பிளாக்கில் இடம்பெற்ற பரிவர்த்தனை தோல்வியடைந்ததாகவும் இருக்கலாம்: பரிவர்த்தனையின் முடிவைக் காட்டும் ரசீதில் ஸ்டேட்டஸ் 0 என்றிருந்தால், கட்டணம் பிடிக்கப்பட்டிருக்கும், டோக்கன் (அனுப்ப முயன்ற டிஜிட்டல் சொத்து) கைமாறியிருக்காது.