பட்டா இல்லாவிட்டால் கல்விக் கடன் கிடையாதா?

"பட்டா நிலத்தை அடமானம் வைத்தால்தான் பேங்கில் கல்விக் கடன்" என்று நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பிரிவு 17 நிலத்தில் (கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமை முடிவாகாத நிலம்) பட்டாவே இல்லாமல் குடியிருப்பவர்களும், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. கொழுந்து பறித்துக் கறை ஏறிய கையோடு, பிள்ளையின் மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு வரும் அம்மாவிடம் யார் பட்டா கேட்பது?

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை அடமானம் வேண்டாம், வெளி ஆள் ஜாமீனும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். 2015இல் வந்த மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் (கடன் திரும்பி வராவிட்டால் வங்கிக்கு ஈடு கொடுக்கும் நிதி) 7.5 லட்சம் வரை இதே நிலைதான். அதற்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து கேட்பார்கள், அது உண்மை.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று: படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், வட்டி மானியம் உண்டா என்று கடன் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.