அலைமேல் அமர்ந்து இளைப்பாறுவதில்லை

"அமிர்தி காட்டுக்கு வரும் கதிர்க்குருவிகள் கடலில் அலைமேல் உட்கார்ந்து ஓய்வெடுத்து வருகின்றன" என்று நண்பர் ஒருவர் எழுதியது தவறு. வேலூர்ப் பக்கம் குளிர்காலத்தில் வருபவை பெரும்பாலும் வடக்கிலிருந்து நிலத்தின் மேலாகவே வருகின்றன.

கடலைக் கடக்கும் பாடும் பறவைகளும் நீரில் இறங்குவதில்லை. சவ்வுக்கால் கிடையாது, இறகு நனைந்து ஊறினால் எழும்பவே முடியாது.

அவற்றைக் காப்பது கொழுப்புதான். வட அமெரிக்காவின் கருந்தலைக் கதிர்க்குருவி சாதாரணமாக 12 கிராம். புறப்படுமுன் பூச்சிகளைத் தின்று தின்று 20 கிராமைத் தாண்டும்; தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். அது எரியும்போது சக்தியோடு நீரும் கிடைப்பதால், 2,270 முதல் 2,770 கி.மீ. வரை அட்லாண்டிக் மேல் இரண்டு மூன்று நாள் நிற்காமல் பறக்கிறது. முதுகில் கட்டிய, வெளிச்சத்தின் அளவைப் பதிந்து பறவை இருந்த இடத்தைக் கணிக்க உதவும் சிறு கருவிகள் 2015இல் இதை உறுதிப்படுத்தின.

பின்காற்று பார்த்துத்தான் கிளம்பும். நடுக்கடலில் எதிர்காற்றோ மழையோ பிடித்தால் கொழுப்பு தீர்ந்து, பறக்கும் தசையே கரையத் தொடங்கும். அப்போது கப்பல் தென்பட்டால் உயிர் பிழைக்கலாம். இல்லாவிட்டால் கடலில் விழுந்து சாகும்.